வெள்ளையாய் வெளுத்த வடிகட்டி

அத்தியாயம் நான்கு

இருபத்து மூன்று உடல்கள். ஒன்றிலும் கீறலில்லை, ஒன்றிலும் கிழிசலில்லை. கத்தி இல்லை, கயிறு இல்லை, கண்ணால் கண்ட சாட்சியும் இல்லை. ஐஸ்பெட்டியின் மூடியைத் தூக்கி அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி முடித்த ஒட்டடை, மூடியை இறக்கவும் மறந்து நின்றான். பொன்னிறத்தில் சில, வெள்ளி நிறத்தில் சில, நெருப்பைத் துண்டு துண்டாய் நறுக்கி நீரில் மிதக்க விட்டாற்போல் சில. பத்து நாட்களுக்கு முன்வரை குளத்தை ஆண்ட கோய் என்னும் அலங்கார மீன்கள், இன்று கத்தரிக்காய் போல் அடுக்கிக் கிடந்தன.

"அக்கா, எல்லாரும் வாயைத் திறந்துதான் வச்சிருக்காங்க. ஒருத்தராவது வாக்குமூலம் குடுக்கணுமே," என்றான்.

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. "மூடியை மூடு. அந்த மனுஷர் பார்த்துக்கிட்டு இருக்கார்."

ஒட்டடை என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. ஆறடிக்கு மேல் வளர்ந்து, அகலத்தில் ஒரு முழத்தோடு நின்றுவிட்ட உடம்புக்கு ஊரார் இட்ட பெயர். முப்பத்தைந்து வயது, வாய்க்கு மட்டும் பதினெட்டு. துப்பறிவாளரோ இருபது ஆண்டுகள் நீதிமன்றத்தில் அமர்ந்து, பிறர் சொன்ன பொய்களைப் பிழையின்றித் தட்டச்சு செய்தவர். அந்தப் பொய்களின் ஓசை காதில் படிந்துபோனதால், வேலையை உதறிவிட்டு உண்மையைத் தேடப் புறப்பட்ட அம்மையார். அவர் குள்ளம், இவன் நெட்டை. சேர்ந்து நடந்தால் ஆச்சரியக்குறியும் அதன் புள்ளியும் நடப்பது போலிருக்கும்.

குளக்கரையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் வீட்டுக்காரர், மற்றொன்றில் யாருமில்லை. ஆனாலும் அவர் அந்த வெற்று நாற்காலிக்கு நிழல் விழும்படி குடையைச் சாய்த்து வைத்திருந்தார்.

ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர் அவர், நெடிய மனிதர். எந்தத் தெருவில் எந்தக் குழாய் எத்தனை அடி ஆழத்தில் ஓடுகிறது என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். ஒரு கோடையில் ஊரெங்கும் வாந்திபேதி பரவி வீட்டுக்கொருவர் விழுந்தபோது, நீரேற்று நிலையத்திலேயே பதினோரு நாள் படுத்துக் கிடந்து, குளோரின் அளவைத் தம் கையாலேயே கணித்துக் கலந்து, ஊரைக் காப்பாற்றியவர். ஊருக்கெல்லாம் தண்ணீர் தந்த அந்தப் பெருமகன், தம் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தாமே மொண்டு குடித்தவர் அல்லர். தேவை வரவில்லை. தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் கொண்டுவந்து தர ஒருவர் இருந்தார். முப்பத்து நான்கு நாட்களுக்கு முன், ஒரு காலையில், அந்த ஒருவர் எழுந்திருக்கவில்லை.

குளம் அந்த ஒருவருடையது, அவர் மனைவியுடையது. கோய் மீன்கள் இருபத்து நான்கும் அந்த அம்மையார் கையால் உண்டு வளர்ந்தவை. இப்போது மிஞ்சியது ஒன்றே ஒன்று. வெள்ளை உடல், நெற்றியில் சிவப்பாய் ஒரு புள்ளி, பெயரும் புள்ளிதான். அது குளத்தின் மூலையில் நீர் விழும் இடத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தது.

"அவ போயிட்டா. அவ வளர்த்ததையும் ஒருத்தி கொன்னுட்டா," என்றார் பொறியாளர். குரலில் சினம் இருந்தது. சினத்துக்கு அடியில் வேறொன்று தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

அந்த ஒருத்தி யார் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. ஐந்து மாதங்களுக்கு முன் அக்குளத்துக்கு வடிகட்டி அமைத்துத் தந்த குழாய்க்காரம்மா. பக்கவாட்டுக் கதவின் மாற்றுச் சாவி அந்த அம்மாளிடம் இருந்ததாம். மனைவி இறந்த பத்தாம் நாள் வாசலில் வந்து நின்றாராம். இனி இங்கே உனக்கு வேலையில்லை என்று பொறியாளர் அனுப்பியபோது, 'ஒரு மீனும் மிஞ்சாது' என்று சொல்லிவிட்டுப் போனாராம். அடுத்த இரண்டு வாரம் முடிவதற்குள் மீன்கள் மிதக்கத் தொடங்கின. புறக்கடை வழியாக வந்து போகிறவர்கள் மீதுதான் இந்த உலகத்தில் சந்தேகம் முன்வாசல் வழியாக நுழைகிறது. புகார் மனு தட்டச்சாகி, கூடத்து மேசையில், கையெழுத்துக்காகக் காத்திருந்தது. நான்கு மணிக்குக் காவல்நிலையத்திலிருந்து ஆள் வருவார். பொறியாளரின் சொல்லுக்கு அந்த ஊரில் எடை உண்டு. கையெழுத்து விழுந்தால் குழாய்க்காரம்மாவின் உரிமம் போகும், அதன்பின் கையில் விலங்கும் விழும். மனுவுக்கு வலுச்சேர்க்க ஆதாரம் வேண்டும். அதற்காகத்தான் துப்பறிவாளரை அழைத்திருந்தார்.

"ஆதாரம் கிடைச்சா கண்டிப்பா சொல்றேன் சார். யாருக்கு எதிரா இருந்தாலும் சொல்றேன்," என்றார் துப்பறிவாளர்.

அப்போது மணி பதினொன்று.

வடிகட்டி குளத்தின் பின்புறம், தரையில் பாதி புதைந்த மூன்று பீப்பாய்களாக இருந்தது. குளத்து நீர் முதல் பீப்பாயில் இறங்கிக் கசடைக் கீழே விட்டு, இரண்டாவதில் தூரிகைகளின் இடையே புகுந்து, மூன்றாவதில் அடுக்கடுக்காய் நின்ற தடித்த நார்மெத்தைகளின் வழியே ஊறி, பம்பின் துணையால் மீண்டும் குளத்துக்கு ஏறிச் சென்றது. இணைப்புகளில் ஒரு சொட்டுக் கசிவில்லை. ஒவ்வொரு குழாயின் மீதும் நீர் ஓடும் திசை சிவப்பு வண்ணத்தில் அம்புக்குறியாக வரையப்பட்டிருந்தது. நஞ்சு வைக்க நினைப்பவர் அம்புக்குறி வரைவாரா என்று ஒட்டடை நினைத்தான். நினைத்ததைச் சொல்லவும் செய்தான்.

துப்பறிவாளர் மூன்றாவது பீப்பாயின் மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே குனிந்து நின்றார். உள்ளே நார்மெத்தைகள் பாற்கடலில் தோய்த்து எடுத்தாற்போல் வெள்ளை வெளேரென்று இருந்தன.

ஒட்டடை எட்டிப் பார்த்தான். "என் பனியன் நாலையும் இந்த வீட்டுல போட்டுட்டுப் போகலாம் போலிருக்கே."

"ஒரு தெருவோட குப்பைத்தொட்டி மல்லிகைப்பூ வாசனை அடிச்சா நீ என்ன நினைப்பே?"

"யாரோ அதை வேலை செய்ய விடலைன்னு நினைப்பேன்."

"சரியாச் சொன்னே. ஐந்து மாசமா இருபத்து நாலு மீனோட அழுக்கைச் சுமந்த மெத்தை இது. ஐந்து நிமிஷம் முன்னாடி கடையில வாங்கின மாதிரி இருக்கு."

அடுத்த தடயம் தலைக்கு மேலே தொங்கியது. சுவரிலிருந்து கொய்யா மரம்வரை இரண்டு துணிக்கொடிகள். தாழ்வான கொடியின் கிளிப்புகள் துருவேறி, ஒரு மாதமாய் ஒரு துணியையும் காணாமல் கிடந்தன. உயரக் கொடியிலோ எட்டுக் கிளிப்புகள், இரண்டிரண்டாக, ஒவ்வோர் இணைக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி விட்டு நின்றன. துப்பறிவாளர் எம்பிப் பார்த்தார், விரல் எட்டவில்லை. ஒட்டடை கையை உயர்த்தி ஒரு கிளிப்பைப் பறித்தான். அதன் பல்லில் வெள்ளையாய் ஒரு நாரிழை ஒட்டியிருந்தது. இடைவெளியை அளந்து பார்த்தார்கள். நார்மெத்தையின் அகலம் அதுவேதான்.

"உயரத்தை வச்சுப் பார்த்தா குற்றவாளி நான்தான் அக்கா. கையை நீட்டட்டுமா?"

"வீட்டுல சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாதவன் நீ. உங்க அம்மாவே வந்து சாட்சி சொல்லுவாங்க. விட்டுட்டேன், போ."

ஒட்டடை சிரித்தான்.

ஒரு மெத்தையை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, இருவரும் குழாய்க்காரம்மாவின் பட்டறைக்குப் புறப்பட்டார்கள்.

தகரக் கூரையிட்ட பட்டறை. சுவரில் குழாய்த் துண்டுகள் அளவு வாரியாக, வகுப்பில் நிற்கும் பிள்ளைகள் போல், உயர வரிசையில் நின்றன. நாற்பத்தைந்து வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. ஒட்டடையின் முழங்கை உயரம்தான் இருந்தார்; அந்த உயரக் கொடிக்கு ஏணி வைத்தால்தான் எட்டுவார் என்று ஒட்டடை மனத்துக்குள் குறித்துக்கொண்டான். அன்று காலை மட்டும் இரண்டு வீட்டார் அலைபேசியில் அழைத்து, இனி தங்கள் குளத்துப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்களாம். குற்றம் மெய்ப்பிக்கப்படக் காலம் பிடிக்கும். பெயர் கெட ஒரு காலைப்பொழுது போதும்.

மிரட்டியது உண்மையா என்று துப்பறிவாளர் நேராகவே கேட்டார். அந்த அம்மாள் மறைக்கவில்லை.

"சொன்னேன்மா. கூடவே இன்னொண்ணும் சொல்ல வந்தேன். வடிகட்டியைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும், எப்படின்னு நான் சொல்லித் தரேன், இல்லேன்னா ஒரு மீனும் மிஞ்சாது சார்னு சொல்ல வந்தேன். அவர் காதுல கடைசித் துண்டு மட்டும் விழுந்துது. கதவைச் சாத்திட்டார். சாவியை அன்னிக்கே கதவுக்கு அடியில தள்ளிட்டு வந்துட்டேன்."

துப்பறிவாளர் பையிலிருந்த மெத்தையை எடுத்து நீட்டினார்.

குழாய்க்காரம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். விரலால் நாரைப் பிரித்து உள்ளே பார்த்தார். பிறகு குழாய்க் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாரும்மா இதைக் கொன்னது?"

மீனுக்காகக் கலங்கியவரை அன்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான் ஒட்டடை. கழுவித் துவைத்த ஒரு நார்மெத்தையை மடியில் போட்டுக்கொண்டு கண் கலங்குபவரை அப்போதுதான் பார்த்தான். வாய்வரை வந்த வேடிக்கை ஒன்றை விழுங்கிக்கொண்டான்.

அந்த அம்மாள் சொன்னதைச் சுருக்கினால் இதுதான். மீன் நீரிலேயே தின்கிறது, நீரிலேயே கழிக்கிறது. அந்தக் கழிவே அதற்கு நஞ்சு. சேற்றைப் பிடித்து வைப்பது வடிகட்டியின் பாதி வேலை. மறுபாதி வேலையைச் செய்வது அந்தச் சேற்றுக்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். அவைதாம் நஞ்சைத் தின்று நீரைக் காக்கின்றன. கடையில் வாங்கிப் பொருத்திய அன்று வடிகட்டி வெறும் பீப்பாய்தான். வேறொரு குளத்திலிருந்து பழுப்பேறிய மெத்தைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, பாலுக்கு உறை ஊற்றுவதைப் போல் உள்ளே வைத்து, ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு வாரமும் பொறியாளரின் மனைவி கூடவே நின்றாராம். பள்ளம் தோண்டிய நாளில் மட்டப்பலகையைப் பிடித்தவர் அவர். குழாய்க்குப் பசை தடவக் கற்றுக்கொண்டவர் அவர். முழங்கைவரை சேறாகி, தன்னைத் தானே பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர் அவர்.

"மெத்தை பழுப்பான அன்னிக்கு எனக்குப் போன் பண்ணாங்க. 'அழுக்கு வந்துடுச்சு, வந்து பாரு'ன்னு ஒரே சந்தோஷம். வாழ்நாள் பூரா அழுக்கைத் துரத்தின கை இது, இன்னிக்குத்தான் அழுக்கை வரவேற்குதுன்னு சொன்னாங்க."

"அப்போ அவங்க கணவர்?"

"கூடத்துல பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பாரு. ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தாரு. இதெல்லாம் எனக்குத் தெரியும்னுட்டு உள்ள போயிட்டாரு."

"இந்த மெத்தையைக் கழுவவே கூடாதா?"

"மாசம் ஒரு வாட்டி, குளத்துத் தண்ணியையே வாளியில மொண்டு லேசா ஒரு முக்கு முக்கி எடுக்கலாம். குழாய்த் தண்ணி பட்டுச்சோ, போச்சு. அதுல குளோரின் இருக்கே. அம்மாவுக்கு இது அத்துப்படி. என் கண்ணு முன்னாடிதான் எழுதி வச்சாங்க. பாத்திரம் கழுவற தொட்டிக்கு மேல ஒரு அலமாரி, அதோட கதவுக்கு உள்பக்கம் ஒட்டினாங்க. ஒரு நாளைக்குப் பத்து வாட்டி திறக்கற கதவு, மறக்கவே மறக்காதுன்னாங்க."

துப்பறிவாளர் எழுந்தார். வேறொரு குளத்திலிருந்து பழுப்பு மெத்தை கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றார் அந்த அம்மாள். அதை எடுத்துக்கொண்டு நான்கு மணிக்குள் பொறியாளர் வீட்டுக்கு வரச் சொன்னார்.

"அந்த வாசல்ல என்னை ஏத்த மாட்டாரேம்மா."

"ஏத்துவார்," என்றார் துப்பறிவாளர். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வெற்றியின் வெளிச்சம் ஒரு துளியும் இல்லை.

திரும்பும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னிருக்கையிலிருந்து ஒட்டடை கணக்குப் போட்டான். வேலைக்காரர்கள் அந்த வீட்டில் இல்லை. பிள்ளைகள் வெளியூரில். பக்கத்து வீட்டுக்காரனாக இருக்குமோ, மீன் விற்பவனாக இருக்குமோ, பொறாமை பிடித்த வேறொரு குழாய்க்காரனாக இருக்குமோ என்று ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றி இறக்கினான். துப்பறிவாளர் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. அவர் பேசாமலிருந்தால் விடை கிடைத்துவிட்டது என்று பொருள். இவ்வளவு நேரம் பேசாமலிருந்தால் அந்த விடை அவருக்குப் பிடிக்கவில்லை என்று பொருள்.

மூன்றரை மணிக்கு உள்ளே நுழைந்ததும், துப்பறிவாளர் நேரே தோட்டத்துக்குப் போனார். வெள்ளை மெத்தையை வாளியில் முக்கி எடுத்து, நீர் சொட்டச் சொட்டப் பொறியாளரிடம் நீட்டினார்.

"நனைஞ்சு போச்சு சார். இதை எங்க போடறது?"

பொறியாளர் யோசிக்கவில்லை. வாங்கினார். இரண்டு உதறு உதறினார். இரண்டு எட்டு வைத்து, கையை உயர்த்தி, உயரக் கொடியில் விரித்து, இடக்கோடியில் ஒரு கிளிப், வலக்கோடியில் ஒரு கிளிப் மாட்டி, நடுவில் விழுந்த மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் சட்டையை ஒரு தாய் நீவிவிடுவாளே, அப்படி.

கை இறங்கியபோது உள்ளங்கையில் கொப்புளங்கள் தெரிந்தன. அடிபம்பைத் தொட்ட கையல்ல, பாத்திரத்தைத் தொட்ட கையல்ல. எழுபது ஆண்டுகள் காகிதத்தையும் பேனாவையும் தவிர வேறெதையும் அழுத்திப் பிடித்தறியாத கை. அதில் வரிசையாய் நான்கு கொப்புளங்கள்.

ஒட்டடை அந்தக் கையையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நல்லாக் கழுவியிருக்கீங்க சார்," என்றார் துப்பறிவாளர், மெல்ல.

"மூணு தடவை கழுவினேன்." அவர் வெற்று நாற்காலியைப் பார்த்துப் பேசினார். "நாப்பத்தோரு வருஷம்மா. அவ கழுவின தட்டுல சாப்பிட்டேன், அவ துவைச்ச சட்டையைப் போட்டேன். நான் ஒரு டம்ளரை அலசி வச்சதில்லை. அவ போனப்பறம் அவ வேலையில ஒண்ணாவது என் கையால செய்யணும்னு இருந்துச்சு. இந்த மூடியைத் திறந்து பார்த்தா ஒரே சேறு. பாவம், முடியாம விட்டுட்டா போலன்னு நினைச்சேன். தண்ணி எனக்குத் தெரிஞ்ச விஷயம்தானே? ஹோஸைத் திறந்துவிட்டு, பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். அவ இருந்தா எப்படி வச்சிருப்பாளோ அப்படி. அப்புறம் மீனுங்க மேல வந்து வாயைப் பொளந்துச்சு. இன்னும் அழுக்கு போகலை போலன்னு மறுபடி தேய்ச்சேன். நாலஞ்சு செத்துச்சு. மறுபடியும் தேய்ச்சேன்."

ஆதாரம் கிடைத்துவிட்டது. அதைத் தேடித் தரச் சொன்னவர் கையிலேயே கிடைத்துவிட்டது.

குடிக்கத் தண்ணீர் எடுத்துவரும் சாக்கில் ஒட்டடை சமையலறைக்குள் போனான். துப்பறிவாளரும் பின்னால் வந்தார். அடுப்பு ஒரு மாதமாய் எரியாத அடுப்பு. கடையிலிருந்து வந்த சாப்பாட்டுப் பொட்டலங்களின் காகிதம் மூலையில் குவிந்திருந்தது. தொட்டிக்கு மேலே அலமாரி. ஒட்டடை அதன் கதவைத் திறந்து உள்பக்கம் ஒட்டியிருந்ததைப் படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் கதவைச் சட்டென்று மூடினான்.

"அக்கா, வேண்டாம்," என்றான். "வயசான மீனுங்க, ஏதோ நோயில போயிடுச்சுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடலாம். இதைச் சொன்னா அவர் தாங்க மாட்டார். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"நோய்னு சொன்னா அவர் நம்புவாரா? இப்பவே கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடறார். ஒருத்தர் துக்கத்தைக் காப்பாத்த இன்னொருத்தி மானத்தை ஹோஸ் போட்டுக் கழுவணுமா? அந்தம்மா பட்டறையில ரெண்டு வீட்டு வேலை இன்னிக்குக் காலையிலதான் போச்சு."

ஒட்டடை டம்ளரில் தண்ணீரை மொண்டுகொண்டு கூடத்துக்கு நடந்தான்.

கூடத்தில் பொறியாளர் மனுவை எடுத்துவைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துப்பறிவாளர் எதிரில் அமர்ந்தார்.

"ஒரே ஒரு கேள்வி சார். நீங்க ஊருக்குக் குடுத்த தண்ணியில கிருமி பிழைக்குமா?"

அன்று முதல்முறையாக அவர் முதுகு நிமிர்ந்தது. "ஒண்ணு பிழைக்காது. அந்த அளவு நான் வச்சது. இன்னிக்கு வரைக்கும் அதே அளவுதான். என் தண்ணி பட்ட இடத்துல எந்தக் கிருமியும் உயிரோட இருக்காது."

"அந்த மெத்தையில இருந்ததும் கிருமிதான் சார். மீனோட கழிவைத் தின்னு மீனைக் காப்பாத்தற கிருமி. அம்மாவும் குழாய்க்காரம்மாவும் ஆறு வாரம் காத்திருந்து வளர்த்தது."

அவர் பொறியாளர், இரண்டாவது வாக்கியம் தேவைப்படவில்லை. தாம் வைத்த அளவு, தாம் திறந்த ஹோஸ், தாம் தேய்த்த மெத்தை, மூன்று தடவை. கணக்கு அவர் கண்களுக்குள் ஓடி முடிந்ததை ஒட்டடை பார்த்தான். ஊரைக் காத்த தண்ணீர். அதே தண்ணீர். கண்ணாடி கையிலிருந்து மனுவின் மேல் விழுந்தது.

"அவளுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் சார். எழுதியே வச்சிருக்காங்க."

"எங்கிட்ட சொல்லலையே."

"சமையலறை அலமாரிக் கதவு ஒண்ணுல, உள்பக்கம் ஒட்டியிருக்கு சார். போய்ப் பாருங்க," என்றார் துப்பறிவாளர்.

அவர் எழுந்து சமையலறைக்கு நடந்தார். நாற்பத்தோரு ஆண்டு வாழ்ந்த வீட்டில், விருந்தாளி நடப்பது போல் நடந்தார். ஒரு கதவைத் திறந்தார், அது இல்லை. இன்னொன்றைத் திறந்தார், அதுவும் இல்லை. ஒட்டடைதான் முன்னே போய்த் தொட்டிக்கு மேலிருந்த கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினான்.

உருண்டை உருண்டையான கையெழுத்து. மெத்தையைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. குளத்து நீரில் மட்டும், லேசாக. பழுப்பாக இருந்தால் நல்லது, பயப்பட வேண்டாம். புதுத் தண்ணீரை இரண்டு நாள் வெயிலில் வைத்த பிறகே குளத்தில் ஊற்ற வேண்டும். அதற்குக் கீழே, வேறொரு நாளில், வேறொரு மையில்:

அவர் கேட்டால் அவருக்கும் சொல்லித் தர வேண்டும்.

பொறியாளர் அந்த வரியின்மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின, ஓசை வரவில்லை. உலகில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கதவுகளின் உள்பக்கத்தில் இப்படி எத்தனை வரிகள் ஒட்டிக் கிடக்கின்றனவோ என்று ஒட்டடை நினைத்தான். தன் அம்மாவின் சமையலறையில் எத்தனை அலமாரிகள் என்று எண்ணிப் பார்க்க முயன்றான். தெரியவில்லை.

வாசலில் மணி அடித்தது. நான்காக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. காவல்நிலைய ஆளல்ல, ஈரச் சாக்கு மூடிய வாளியோடு குழாய்க்காரம்மா.

பொறியாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் தொலைபேசியை எடுத்துக் காவல்நிலையத்தை அழைத்தார். பம்பு பழுதானால் மேலிடத்துக்கு அறிக்கை தரும் அதே வறண்ட குரலில், மனு இல்லையென்றும், தவறு தம்முடையதென்றும், அந்த அம்மாள் மீது பழி சொன்னதற்கு ஊரறியத் தாமே எழுதித் தருவதாகவும் சொல்லி முடித்தார். அன்று காலை அந்த அம்மாளை வரவேண்டாமென்ற இரண்டு வீடுகளைப் பற்றித் துப்பறிவாளர் சொல்ல, அவர் குறித்துவந்த எண்களை வாங்கி அவர்களிடமும் பேசினார். பிறகு தாமே போய்க் கதவைத் திறந்தார். பக்கவாட்டுக் கதவையல்ல, முன்வாசலை.

குழாய்க்காரம்மா சமாதானம் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. குளத்தருகே குந்தி, மூலையில் கிடந்த புள்ளியைப் பார்த்தார்.

"இது பிழைக்கும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது சார். பாதித் தண்ணியை மாத்தணும். தீனி நிறுத்தணும். இந்தப் பழைய மெத்தையை உள்ள வச்சா மறுபடி உறை பிடிக்கும். ஆறு வாரம் ஆகும்."

"எப்படி வைக்கணும்? சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

அந்த அம்மாள் சாக்கை விலக்கினார். கரும்பழுப்பாய், கொழகொழவென்று, குளத்தின் வாடையோடு ஒரு மெத்தை. பொறியாளர் மூக்கைச் சுளிக்கவில்லை. சட்டைக் கையைச் சுருட்டினார், மண்டியிட்டார், கொப்புளம் உடைந்த உள்ளங்கைகளால் அந்தச் சேற்றை, உறங்குகிற உயிரை எடுப்பது போல், இரண்டு கையாலும் எடுத்தார். எந்தப் பக்கம் மேலே என்று கேட்டார். நீர் எந்தத் திசையில் வரும் என்று கேட்டார். எத்தனை நாளுக்கொரு முறை, எந்த வாளியில், எவ்வளவு நேரம் என்று கேட்டார். அவர் கேட்கக் கேட்க அந்த அம்மாள் சொன்னார். குளத்து மூலையில் புள்ளி ஒரு முறை மேலே வந்து வாயைத் திறந்துவிட்டுக் கீழே போனது. மீண்டும் வருமா என்று நான்கு பேரும் பார்த்திருந்தார்கள்.

"இவ்வளவுதானா?" என்றார் பொறியாளர்.

"இவ்வளவுதான் சார்."

அவர் சேறு படிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, குடை நிழலில் இருந்த நாற்காலியை நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டிருந்தா, ரெண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும்."